பாவித்த முச்சக்கரவண்டியின் விலைச்சரிவும் தோட்டக் குடும்பங்களின் கடனும்

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை, 2024 டிசெம்பரில் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கும் 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் நீக்கப்பட்டது. அப்போது கொழும்பில் நடைபெற்ற விவாதங்கள் அந்நியச் செலாவணிக் கையிருப்பு தாங்குமா, திறைசேரிக்கு எவ்வளவு வரி கிடைக்கும், காரின் விலை குறையுமா என்பவற்றையே சுற்றி வந்தன. பாவித்த வாகனமொன்றையே தமது முழுச் சேமிப்பாக வைத்திருப்பவர்களின் நிலை என்னவாகும் என்பது குறித்து அதிகம் பேசப்படவில்லை. அத்தகையோர் பெரிய நகரங்களில் மட்டும் வாழ்பவர்களல்லர். பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியின் இருமருங்கிலும் உள்ள தோட்ட லயன்களிலும் வாழ்கின்றனர்.

பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்த சிறிய நகரமே. எனினும் பூனாகலை, மக்கல்தெனிய, மீரியபெத்தை போன்ற தோட்டப் பகுதிகளிலிருந்து மருந்துக்கும் சந்தைக்கும் வங்கிக்கும் இறங்கி வருபவர்களுக்கு அதுவே வாசல். பிரதான வீதியில் பஸ்கள் ஓடுகின்றன. தோட்டப் பாதைகளில் அவ்வாறில்லை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொஸ்லந்த வைத்தியசாலைக்கும், அங்கிருந்து அவசியமேற்படின் தியத்தலாவைக்கும் பதுளைக்கும் கொண்டு செல்வது பெரும்பாலும் ஒரு முச்சக்கரவண்டிதான். தியலும நீர்வீழ்ச்சியின் மேற்பகுதியைக் காண வரும் உல்லாசப் பயணிகளின் எண்ணிக்கை அதிகரித்த பின்னர் இளைஞர்களுக்கு இன்னொரு வகை ஹயரும் கிடைத்தது. கொழுந்து மலைக்குப் போக விரும்பாத, கொழும்புக் கடைகளில் சிப்பந்தியாக நிற்கவும் விரும்பாத இளைஞர் ஒருவருக்கு ஊரிலேயே எஞ்சிய தொழில் இதுவே எனலாம்.

ஆனால் முச்சக்கரவண்டி தொழிற்கருவி மட்டுமன்று என்பது இங்கு கவனிக்கத்தக்கது. மலையகத் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிற்குக் குடியிருக்கும் லயன் அறை சொந்தமில்லை. அது நிற்கும் காணிக்கு உறுதிப்பத்திரமும் இல்லை. நாட்டின் ஏனைய பகுதிகளில் ஒரு குடும்பத்துக்கு ஆபத்து வந்தால் காணியை ஈடுவைக்கலாம், ஒரு பகுதியை விற்கலாம். தோட்டத்தில் அதற்கு வழியில்லை. விற்கக்கூடிய பெறுமதியான சொத்து என்று சொல்லத்தக்கவை இரண்டே: நகையும் முச்சக்கரவண்டியும். நாற்பது வருடம் மலையேறி உழைத்த தாய் ஓய்வுபெறும்போது கிடைக்கும் ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் மகனின் வண்டிக்கு முற்பணமாக மாறுவது மலையகம் அறிந்த கதை. எனவே அந்த வண்டியின் மறுவிற்பனை விலை என்பது உண்மையில் அத்தாயின் ஓய்வூதியத்தின் விலையே.

இறக்குமதித் தடைக்காலத்தில் இந்த விலை இயல்பை மீறி உயர்ந்தது. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டி ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தும் விலை ஏறிய விசித்திரத்தை நாம் கண்டோம். இத்தாலியின் பெராரி நிறுவனம் தனது கார்களைக் கேள்வியைவிடக் குறைவாகவே உற்பத்தி செய்து அவற்றின் மறுவிற்பனை மதிப்பைக் காத்து வருவது வாகன உலகில் பிரசித்தமானது. பெராரி திட்டமிட்டுச் செய்வதை இலங்கை அரசாங்கம் டொலர் பற்றாக்குறையால் பஜாஜ் முச்சக்கரவண்டிக்குச் செய்துகொடுத்தது! வேறுபாடு என்னவெனில், பெராரி வாங்குபவர் தமது மிகைப் பணத்தில் வாங்குகிறார். மின்சாரத்தில் இயங்கும் போர்ஷே டைக்கான் கார்கள் சில ஆண்டுகளிலேயே விலையில் ஏறத்தாழ அரைவாசியை இழந்தபோது அவற்றின் உரிமையாளர்கள் வருந்தியிருப்பர். அதற்காக அவர்களது வீட்டு அடுப்பு அணைந்திருக்காது.

தடைக்காலத்து உச்ச விலையில் வண்டி வாங்கியவர்களுக்கு இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. முதலாவது, 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவு. அவ்வாண்டு யூலையில் எரிபொருளுக்கான கியூஆர் முறை அறிமுகமானபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு ஒதுக்கப்பட்டது வெறும் 5 லீற்றர். மலைப்பாதையில் அது எத்தனை ஹயருக்குப் போதும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டில் மத்திய வங்கி தனது கடன்வழங்கல் வசதி வீதத்தை 15.5 சதவீதம் வரை உயர்த்தியது. லீசிங் வட்டி அதற்கும் மேலே நின்றது. பின்னர் கொள்கை வட்டி இறங்கியது, 2025 மே மாதத்தில் 7.75 சதவீதமாயிற்று. ஆயினும் நிலையான வட்டியில் 2022இலும் 2023இலும் கையொப்பமிட்டவருக்கு அந்த இறக்கத்தால் தானாக ஒரு சதமும் குறையவில்லை.

இரண்டாவது அடி, இறக்குமதி திறக்கப்பட்டமை. புதிய வாகனங்களுக்குக் கடும் வரி விதிக்கப்பட்டதால் பாவித்த வாகனங்களின் விலை ஒரே நாளில் குப்புற விழவில்லை என்பது உண்மையே. முதலில் நின்றது வியாபாரம். புதியது வருகிறதாம், பொறுத்துப் பார்ப்போம் என்று வாங்குவோர் ஒதுங்கினர். வாங்குவோர் இல்லாத சந்தையில் அறிவிக்கப்படும் விலை வெறும் எண்ணே. விற்பவருக்கு அவசரம் இருந்தால் கிடைத்ததற்குக் கொடுக்கவேண்டியதுதான். தோட்டத்தில் விற்பவருக்கு எப்போதும் அவசரம். ஏனெனில் அங்கு வண்டியை விற்பது நோய்க்கும் திருமணத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்குமே.

கடனின் கணக்கை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். 15 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய பாவித்த வண்டி, 5 இலட்சம் முற்பணம், மீதி 10 இலட்சம் ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 60 மாத லீசிங் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 28,800 ரூபா. இரண்டு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டினால் ஏறக்குறைய 6 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா போயிருக்கும். ஆனால் முதலில் குறைந்திருப்பது சுமார் 2 இலட்சத்து 67 ஆயிரம் மட்டுமே. இன்னும் 7 இலட்சத்து 33 ஆயிரம் நிலுவை. இந்நிலையில் வண்டியின் விலை 10 இலட்சமாக இறங்கினால் விற்று, கடனை அடைத்தபின் கையில் மிஞ்சுவது 2 இலட்சத்து 67 ஆயிரம். போட்டதோ முற்பணத்துடன் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம். விலை 7 இலட்சமாக இறங்கினால் வண்டியையும் கொடுத்து, மேலும் 33 ஆயிரம் கடனும்பட வேண்டும். இடையில் வண்டி உழைத்துத் தந்தது என்பர் சிலர். உழைத்தது மெய்தான்; பெற்றோலுக்கும் டயருக்கும் காப்புறுதிக்கும் பிறகு அந்த உழைப்பில் பெரும்பகுதி தவணைக்கே சென்றது என்பதும் மெய்தான். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வரவுக் கொடுப்பனவுடன் 1,750 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. 25 நாள் வேலை கிடைத்தாலும் அது 43,750 ரூபா. மேற்சொன்ன தவணை அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும்.

இலங்கையில் நிதிக் குத்தகை 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைபெறுகின்றது. தவணை முடியும்வரை வாகனத்தின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். தவணை தவறினால் வண்டியை 'சீஸ்' பண்ணும் பலம் இந்த உரிமையிலிருந்தே பிறக்கிறது. ஆனால் சந்தை விலை வீழ்ந்தால் அந்த நட்டத்தைச் சுமப்பவர் உரிமையாளரல்ல, ஓட்டுபவரே. கடதாசியில் சொத்து ஒருவருடையது, நட்டம் இன்னொருவருடையது. இதனை அநீதி என்றுரைக்கப் பெரும் சட்ட அறிவு தேவையில்லை.

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர்களுக்குப் பரிச்சயமான ஒரு கோட்பாட்டை நினைவூட்டுவது பொருத்தமாகும். இஸ்லாமிய நிதிமுறையின் இஜாராவில் வாடகைக்கு விடுபவரே பொருளின் உரிமையாளர் என்பதால், உரிமைக்குரிய இடரும் அவரையே சாரவேண்டும் என்பது அடிப்படை. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் வாகனம் வாங்கும் முஸ்லிம் வியாபாரிகள் பலர் மார்க்கக் காரணத்தால் இம்முறையை நாடுகின்றனர். நடைமுறை ஒப்பந்தங்கள் அந்த அடிப்படைக்கு எந்தளவு உண்மையாக இருக்கின்றன என்பது மார்க்க அறிஞர்களும் வாடிக்கையாளர்களும் கேட்டுத் தெளியவேண்டிய வேறு விடயம். எனினும் உரிமையும் இடரும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்ற நியாயம் வட்டிக்கு லீசிங் எடுக்கும் தோட்டத்து இளைஞருக்கும் பொருந்துவதே.

இந்தச் சந்தையின் விலையை இரண்டு தசாப்தங்களாகத் தீர்மானித்து வந்தது அரசாங்கத்தின் பேனா என்பதையும் மறத்தலாகாது. 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2015 ஜனவரியின் இடைக்கால வரவு செலவுத் திட்டம் சிறிய கார்களின் வரியைக் குறைத்தது. அவ்வாண்டில் முச்சக்கரவண்டிகளும் ஒரு இலட்சத்துக்கு மேல் புதிதாகப் பதிவாயின. 2017இல் அதற்கு நேர்மாறாக, புதிய முச்சக்கரவண்டியின் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மேல் கடன் வழங்கலாகாது என்று கட்டுப்படுத்தப்பட்டது. அதன் நோக்கம் தொழிலாளர் வேறு துறைகளுக்குச் செல்லவேண்டும் என்பதாக இருக்கலாம். எஞ்சிய 75 சதவீதத்துக்கு நகைக் கடையையும் வட்டிக்காரரையும் நாடுவதைத் தவிர தோட்டத்து இளைஞருக்கு வேறு வழி இருக்கவில்லை. பின்னர் ஐந்தாண்டுத் தடை, அதன்பின் திறப்பு. ஒவ்வொரு முறையும் முன்னறிவித்தல் சொற்பம். பெரிய இறக்குமதியாளர் இத்தகைய மாற்றங்களைக் காப்பாகக் கொண்டு இலாபமும் ஈட்டுவார். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இவ்வாறு கூறுவதனால் விலை வீழ்ச்சியைத் தடுக்க இறக்குமதியை மீண்டும் மூடவேண்டும் என்பது எமது கருத்தன்று. தடைக்கால விலை பொய்யான விலை. அது நீடித்தால், இன்னும் வண்டி வாங்காத அடுத்த தலைமுறை இளைஞர் அதே கிணற்றில் விழுவார். விலை குறைவது அவருக்கு நன்மை. குறைந்த முதலில் தொழில் தொடங்கலாம், ஹயர் கட்டணமும் காலப்போக்கில் தணியலாம், நோயாளியைக் கொண்டு செல்லும் குடும்பத்துக்கும் அது ஆறுதல். வீழ்ச்சியின் முழுப் பாரமும் இடையில் அகப்பட்ட ஒரு கூட்டத்தின் தலையில் மட்டும் இறங்குவதே இங்குள்ள பிரச்சினை.

அந்தக் கூட்டத்துக்கு உதவ வழிகள் இல்லாமலில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணங்காட்டி முச்சக்கரவண்டி லீசிங் தவணைகளுக்கு ஆறு மாத அவகாசம் வழங்கிய அரசாங்கத்துக்கு, தடைக்காலத்தில் கைச்சாத்தான குத்தகைகளை இன்றைய வட்டியிலும் இன்றைய வண்டி மதிப்பிலும் மறுசீரமைக்குமாறு நிறுவனங்களைப் பணிப்பது புதிய காரியமாகாது. அவகாசம் மட்டும் கொடுத்தால் வட்டி குவியும் என்பதை 2020இன் அனுபவம் காட்டிவிட்டது. சீஸ் செய்யப்பட்ட வண்டி எந்த விலைக்கு விற்கப்பட்டது, கடனில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில், அதுவும் தமிழில், தரவேண்டும். மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. முறைப்பாடு செய்ய அதன் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களமும் உண்டு. ஆனால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட படிவத்தில் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு வந்தவருக்கு இவை எட்டாத உயரத்தில் இருக்கின்றன. தேர்தல் காலத்தில் முச்சக்கரவண்டிச் சங்கங்களுக்குச் சீருடை வழங்கும் மலையகக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல ஒருவரை அமர்த்தினால் அதைவிடப் பயன் உண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் நிலைகுலையச் செய்தது, பாதைகள் உடைந்தன. பாதை உடைந்த மலையில் ஹயர் இல்லை. ஹயர் இல்லாத மாதத்திலும் தவணைத் திகதி வரும். புயல் நிவாரணம் பற்றிப் பேசும் அதிகாரிகள் வீட்டையும் பயிரையும் கணக்கெடுக்கின்றனர். நிலுவையிலுள்ள லீசிங் தொகை, வண்டியின் இன்றைய பெறுமதி, ஓட்டம் நின்ற நாட்கள் ஆகிய மூன்றையும் அந்தப் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு ஹல்துமுல்லை பிரதேச செயலகத்திடமும் பதுளை மாவட்டச் செயலகத்திடமும் கோருவதற்கு மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகளுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.