வண்ண மீன் தேடி வருகிறவர்கள் டெல்டாவில் இறங்குவார்களா?

தஞ்சாவூருக்குப் பெரிய கோயிலைப் பார்க்க வருகிறார்கள். வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறார்கள். மீன் பார்ப்பதற்காகவே ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பவர்களில் ஒரு பகுதியினர் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூருக்குப் போய்ப் பாருங்கள். கடை கடையாக ஏறி இறங்கி, தேடி வந்த ரகம் கிடைத்ததும், ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையில் மீனை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

அந்தக் கொளத்தூரில் சுமார் 53 கோடி ரூபாய் திட்டமாக வண்ண மீன் வர்த்தக மையத்தை அரசு கையில் எடுத்தது. மறுபக்கம், வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் தரும் பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் 2020-ல் தொடங்கி, பிறகு 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. ஒரு திட்டம் முடிந்து அடுத்ததற்கு விதி எழுதும் காலம்தான் விவசாயி தன் கோரிக்கையை வைக்க வேண்டிய காலம். எனவே, டெல்டாவில் இந்த மீன்களை வளர்த்து, வாங்குகிறவர்களை நம் ஊருக்கே வரவழைக்க முடியுமா என்ற கேள்வியை இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

முடியும் என்பதே நம் பதில். ஆனால், பார்வையாளர் கூடம், படகு, சிமென்ட் சிலை என்று தொடங்கினால் முடியாது. மீனில் தொடங்க வேண்டும். அதுவும் தனி ஆளாக இல்லாமல் ஊராகத் தொடங்க வேண்டும்.

மானியக் கணக்கு

திட்ட விதிகளில் வீட்டுக் கொல்லையில் அமைக்கும் சிறிய வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய், நடுத்தர அலகுக்கு 8 லட்சம், நன்னீர் மீன் இனப்பெருக்கத்தையும் வளர்ப்பையும் சேர்த்துச் செய்யும் ஒருங்கிணைந்த அலகுக்கு 25 லட்சம் என்று செலவு மதிப்பீடு வைக்கப்பட்டது. இதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம் மானியம். அதாவது 3 லட்சம் ரூபாய் அலகுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் அல்லது 1 லட்சத்து 80 ஆயிரம் கிடைக்கும். மீதித் தொகை உங்கள் கைப்பணம் அல்லது கடன். பொழுதுபோக்கு மீன்வளம் என்ற தலைப்பில் 50 லட்சம் ரூபாய் மதிப்பீட்டுக்கும் இதே திட்டத்தில் இடம் இருந்தது.

பெரிய தொகை கண்ணில் படும்போது மனம் அங்கேதான் போகும். ஆனால், மீன் பிரியர் கட்டடம் பார்க்க வருவதில்லை. கடையில் கிடைக்காத மீனுக்காக வருகிறார். அதை வளர்த்தவரிடமே நேரில் கேட்டு வாங்க வருகிறார். இதைப் புரிந்துகொள்ள நம்மைப் போலவே நெல் விளையும் ஓர் ஊரைப் பார்ப்போம்.

நெல் வயலில் பிறந்த வண்ண மீன்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் யமகோஷி என்ற மலைக் கிராமம் இருக்கிறது. படிக்கட்டு வயல்களில் நெல் பயிரிடும் ஊர். குளிர்காலத்தில் பனி ஆளுயரத்துக்கு மேல் கொட்டும். வயலுக்குத் தண்ணீர் தேக்கும் குட்டைகளில் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, அந்தக் கெண்டைகளில் சில நிறம் மாறிப் பிறந்தன. விவசாயிகள் அவற்றைத் தனியே பிரித்து, இனம் சேர்த்து வளர்த்தார்கள். இன்று நாம் கோய் என்று அழைக்கும் மீன் அதுதான். 1914-ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் வைத்த பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது.

அங்கே ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர் காலத்தில் குட்டைகளை வடித்து மீன் பிடிக்கிறார்கள். அந்த வாரங்களில் பல நாடுகளிலிருந்து வியாபாரிகளும் மீன் பிரியர்களும் வந்து இறங்குகிறார்கள். பண்ணை பண்ணையாகச் சுற்றிப் பார்த்து மீனைத் தேர்வு செய்கிறார்கள். சிலர் பணத்தைக் கட்டிவிட்டு, மீனை அந்த விவசாயியின் குட்டையிலேயே இன்னொரு கோடைக்கும் வளர விடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதைப் பார்க்க மறுபடி வருகிறார்கள். 2004 அக்டோபரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அந்த ஊரே காலி செய்யப்பட்டது. பிறகு மீண்டு வந்து கோய் வளர்ப்பைத் தொடர்ந்தார்கள். 2017-ல் அந்தப் பகுதியின் நெல், கோய் வளர்ப்பு முறையை ஜப்பான் அரசு தன் வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஊர் முழுவதும் பல குடும்பங்கள் வளர்த்ததால் ஒரே பயணத்தில் பல பண்ணைகளைப் பார்க்க முடிந்தது. இரண்டு, வருவதற்கென்று ஒரு பருவம் இருந்தது. மூன்று, வருகிறவர் நுழைவுக் கட்டணத்துக்காக அல்ல, மீனுக்காகப் பணம் கொடுத்தார்.

கொளத்தூர் வளர்ந்ததும் இப்படித்தான். ஒரு தெருவில் ஒரு கடை மட்டும் இருந்திருந்தால் யாரும் பேருந்து ஏறிப் போயிருக்க மாட்டார்கள். மீன், தீவனம், தொட்டி, செடி, மருந்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் போகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு வட்டாரத்துக்கு ஓர் அலகு என்று பிரித்துக் கொடுத்தால், கணக்கில் இலக்கு எட்டப்படும், சந்தை உருவாகாது. ஒரே ஊராட்சியில் பத்துக் குடும்பங்கள், ஆளுக்கு ஒரு ரகம் என்று வளர்த்தால், திருச்சியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒருவர் கிளம்பி வர ஒரு காரணம் கிடைக்கும்.

நம் தண்ணீர், நம் பருவம்

டெல்டாவில் தண்ணீர் இருக்கிறதே என்று நினைப்பது பாதிதான் சரி. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். வாய்க்காலை நம்பி மீன் தொட்டி வைக்க முடியாது. போர்வெல் தண்ணீர்தான் அடிப்படை. எனவே, தொட்டி கட்டுவதற்கு முன்பே தண்ணீரைப் பரிசோதனை செய்யுங்கள். உப்பு, கடினத்தன்மை, கார அமில நிலை மூன்றும் தெரியாமல் ரகம் தேர்வு செய்யாதீர்கள்.

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீரில் லேசான உப்பு இருந்தால் அதற்கு ஏற்றது மோலி. கப்பியும் ஓரளவு தாங்கும். இரண்டும் குட்டி போடும் இனங்கள். சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி ஈனும். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் பிளாட்டி, வாள்வால், கௌராமி, ஃபைட்டர் வளர்க்கலாம். டிஸ்கஸ் போன்ற விலை உயர்ந்த மீன் மென்மையான நீரும் அனுபவமும் கேட்கும். முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

பருவமும் நமக்குச் சாதகம்தான். பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுவடை முடியும் நேரத்தில் வெயில் ஏறியிருக்காது. வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் வலசைப் பறவைகள் இருக்கும். அந்த ஆறேழு வாரங்களே நம் ஊருக்கு வர அழைக்க ஏற்ற காலம். அதற்கு விற்பனை அளவில் மீன் தயாராக வேண்டுமானால் செப்டம்பருக்குள் குட்டிகளை விட்டிருக்க வேண்டும். அப்படியானால், நவம்பர் மழையில் அவை தொட்டியில் இருக்கும். பெரிய ஆபத்து அங்கேதான் வருகிறது.

ஒருவர் தொட்டி, எல்லோர் வாய்க்கால்

டெல்டாவில் ஒருவர் வயலில் வடியும் நீர் அடுத்தவர் வயலுக்குப் பாயும் நீர். 1990-களில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, உப்பு நீர் வயலையும் குடிநீரையும் கெடுத்ததை நாம் மறக்கவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் வரை போராட வேண்டியிருந்தது. வண்ண மீன் வளர்ப்பு அந்த அளவுக்குத் தண்ணீரைக் கெடுக்கும் தொழில் அல்ல. ஆனால், தப்பி ஓடும் மீனைத் திரும்பப் பிடிக்க முடியாது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று கடையில் விற்கும் சக்கர் மீன் தென் அமெரிக்க இனம். தொட்டியில் பெரிதானதும் மனம் கேட்காமல் யாரோ கொண்டுபோய் விட, இன்று தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும். நம் வாய்க்கால் கரைகளுக்கு அந்த ஒரு குணமே போதும். இதை வளர்க்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

நோயும் அப்படித்தான். கோய் ஹெர்பிஸ் என்ற வைரஸ் கோயை மட்டும் தாக்குவதில்லை. உணவுக்கு வளர்க்கும் சாதாக் கெண்டையையும் கொல்லும். 2003-ல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் வளர்ப்புக் கெண்டைகள் பெருமளவில் செத்தது இதனால்தான். பக்கத்துப் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகுவுடன் சாதாக் கெண்டை விட்டிருப்பவரின் வருமானமும் உங்கள் தொட்டியோடு கட்டுண்டது.

அதற்காக நம் குளத்து மீன்களை அள்ளி விற்பதும் வழி அல்ல. மிஸ் கேரளா என்று பெயர் பெற்ற மேற்குத் தொடர்ச்சி மலை மீன், ஆறுகளிலிருந்து அளவில்லாமல் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டு, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால், நம் மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டலாம். ஆரஞ்சு குரோமைடு என்று வெளிநாட்டு மீன் பிரியர்கள் விரும்பி வளர்க்கும் சிறுமீன், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. பனையேறிக் கெண்டையைப் பற்றித் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. நாம் சேற்றில் சாதாரணமாகப் பார்க்கும் மீன், வெளியாருக்கு அப்போதே அதிசயம்.

செய்ய வேண்டியவை

விவசாயிகளுக்கு: இரண்டு தொட்டியில் ஒரே ரகத்தை ஆறு மாதம் வளர்த்துப் பாருங்கள். தீவனம், மின்சாரம், செத்த மீன், உங்கள் வீட்டார் உழைப்பு நான்கையும் நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். விவசாய மின் இணைப்பைத் தொட்டிக்குப் பயன்படுத்தலாமா என்று மின்வாரியத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியேறும் நீரை வாய்க்காலில் விடாமல் வலை வழியாக வடிகட்டித் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுங்கள். தொட்டி விளிம்பு மழை வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனியே வையுங்கள்.

பார்வையாளர் வந்தால், வாசல் பக்கம் தனித் தொட்டியில் மீனைக் காட்டுங்கள். தாய் மீன் தொட்டிக்கு யாரையும் விட வேண்டாம். வந்தவர் கொண்டுவரும் வலையையோ மீனையோ உங்கள் தண்ணீரில் இறக்க விடாதீர்கள். கண்டிப்பாக இருக்கும் பண்ணையை நல்ல மீன் பிரியர் தவறாக நினைக்க மாட்டார், நம்பி வாங்குவார்.

மீன்வளத் துறை, வேளாண் துறை களப்பணியாளர்களுக்கு: தஞ்சாவூர் அருகே சூரக்கோட்டையில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. விண்ணப்பங்களை வரிசை எண்படி மட்டும் பார்க்காமல், ஒரே ஊரைச் சேர்ந்த மகளிர் குழுவின் விண்ணப்பங்களைச் சேர்த்துப் பரிந்துரை செய்யுங்கள். அலகுக்கு ஒப்புதல் தரும் முன் வடிகால் எங்கே போகிறது என்று நேரில் நடந்து பாருங்கள். அடுத்த திட்டத்தின் விதிகளில் நீர்ப் பரிசோதனையும் வெளியேற்று வலையும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி இப்போதே எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரிக்காகப் பிறகு நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலை டெல்டாவுக்கு மறுபடியும் வரக் கூடாது.