சிம்பொனிக்குக் கூலி, தப்புக்குச் சால்வையா?

லண்டனில் ‘வேலியன்ட்’ அரங்கேறிய மறுநாள், 2025 மார்ச் 9, எங்கள் தெரு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் சொன்னான்: “நம்ம புதுக்கோட்டைக்கும் இப்படி ஒரு ஆர்கெஸ்ட்ரா வேணும்ணே. எண்பது பேரு, கோட்டுப் போட்டு.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம். “ஏண்ணே, நமக்கெல்லாம் வராதா?”

வரும் தம்பி. வந்ததைக் காப்பாற்றி வைப்பதுதான் வராது. உனக்கும், ‘சேரியிலிருந்து சிம்பொனி வரை’ என்று முழங்கிய தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். (இளையராஜாவை நாம் சொந்தம் கொண்டாடலாமா என்ற பழைய பஞ்சாயத்தை இங்கே கூட்டவில்லை. அதைவிடப் பெரிய பஞ்சாயத்து பாக்கி இருக்கிறது.)

1993இல் அவர் தன் முதல் சிம்பொனியை லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழுவை வைத்துப் பதிவு செய்தார். அது வெளிவரவில்லை. 32 வருசம் கழித்துத் திரும்பிப் போகிறார், அதே நிறுவனம் நிற்கிறது! 1946இல் தொடங்கியது, இன்னும் நிற்கிறது. எழுதுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர்கள் எண்பது பேருக்கு மேல். அந்த எண்பது பேரும் வாசிக்கிற நேரத்துக்குக் கூலி வாங்குகிறவர்கள். ஒத்திகைக்கும் கூலி உண்டு. டிக்கெட் காசில் மட்டும் எந்த ஊரிலும் சிம்பொனிக் குழு பிழைத்ததில்லை. அரசு கொடுக்கும், அல்லது பணக்காரன் கொடுப்பான். மும்பையில் டாட்டாக்களின் ஆதரவில் உருவான தேசியக் கலை மையம் 2006இல் ஒரு குழுவைத் தொடங்கியது. அவ்வளவு பணம் இருந்தும் கச்சேரிக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஆள் கூட்டிவந்துதான் நாற்காலியை நிரப்புகிறார்கள். சென்னையில் சினிமாவை நம்பி வயலின் வாசித்தவர்கள் கதை தெரியும்தானே? கம்ப்யூட்டர் வந்தது, வயலின் பெட்டிக்குள் போனது.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு வாக்கில் ஏழு பண்களுக்கு ஸ்வரம் வெட்டி வைத்திருக்கிறார்கள். சமஸ்தான காலத்தில் கோயில் மேளத்துக்கு மானிய நிலம். மான்பூண்டியா பிள்ளையின் கையால் உடும்புத் தோல் கஞ்சிரா கச்சேரி மேடை ஏறியது இந்த ஊரிலிருந்துதான். மிருதங்கத்தில் இருப்பது மாட்டுத்தோல் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தோல் மேடையேறலாம், தோலைச் சுரண்டியவன் கதை ஏறக்கூடாது. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்துக்கு 2020 ஜனவரியில் கலாக்ஷேத்ரா கொடுத்த அரங்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதே, மறந்துவிட்டோமா?

அவர்களுக்கு மானியம். நமக்குக் களத்துமேட்டில் படி நெல், சாவு வீட்டில் சாராயம். நம் ஆர்கெஸ்ட்ராவை இத்தனை நூற்றாண்டு நிலைக்க வைத்தது சாவு, சாதி இந்துவின் சாவு. அதனால்தான் தொண்ணூறுகளில் பல சேரிகள் ‘இனி அடிக்க மாட்டோம்’ என்றன. தப்பைக் கொளுத்து என்றார்கள் சிலர், ஆயுதமாக்கு என்றார்கள் சிலர். நாங்கள் இரண்டாவது கட்சி.

2003இல் எங்கள் குழு ஒன்பது பேர். சாவுக்குப் போவதில்லை, ஊர்த் திருவிழாவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். அந்த வருசம் நடவுக்கு எங்கள் பெண்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த தையில் ஜல்லிக்கட்டுக்கு வேறு ஊரிலிருந்து மேளம் வந்தது. பரவாயில்லை, இயக்க மேடை இருக்கிறது என்று நினைத்தோம். இருந்தது. மாநாடு, ஊர்வலம், ஏப்ரல் 14, வேங்கைவயலுக்கு நீதி கேட்ட கூட்டம் எல்லாவற்றிலும் எங்கள் தப்பு முன்னால் போனது. கையில் கிடைத்தது பஸ் காசு, ஒரு தக்காளி சாதப் பொட்டலம், சால்வை. என் வீட்டில் பதினேழு சால்வை இருக்கிறது. புளியங்கொட்டைப் பசை போட்டு ஒரு தோல் மாற்ற என்ன செலவு என்று எந்தத் தோழரும் கேட்டதில்லை. மைக்செட்காரருக்கு அட்வான்ஸ், பிளக்ஸ் கடைக்கு ரொக்கம். எங்களுக்கு, “நம்ம தோழர்தானே!”

மூன்று பேர் திருப்பூர் போய்விட்டார்கள். ஒருவர் பெயின்ட் அடிக்கிறார். எங்களில் நல்ல கை ஒருவனுக்கு. அவன் அடி விழுந்தால் கிழவிகூட எழுந்து ஆடும். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட அவன் மறுபடி சாவுக்கு அடிக்கப் போனான். துரோகி என்று சொல்லிக் குழுவிலிருந்து நீக்கினோம். நீக்கச் சொல்லித் தீர்மானம் படித்தவன் நான்தான். நாங்கள் என்ன கொடுத்தோம், அவன் எதைக் காட்டிக்கொடுத்தான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

பாபாசாகேப் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வத்தன் பற்றி மசோதா கொண்டுவந்தார். வத்தன் நிலத்தையும் பலுத்தாவையும் காட்டித்தானே கிராமம் எங்களைக் கட்டிப்போடுகிறது, வேலை வேண்டுமா, கூலி கொடு என்பதே அதன் சாரம். அடிமை வேலையை விடு என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. நாம் பாதியை எடுத்துக்கொண்டோம், மீதியைச் சௌகரியமாக மறந்தோம்.

2025இல்தான் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. சந்தோசம்தான். விருது ஒருவருக்கு, குழுவுக்குக் கூலி வேண்டும். அரசு இசைப்பள்ளியில் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் வாத்தியார் இருக்கிற மாதிரி பறைக்கு நிரந்தரச் சம்பளத்தில் வாத்தியார் வேண்டும். அதை அரசிடம் கேட்பதற்கு முன்னால் இயக்கங்களிடம் கேட்கிறேன்: நிகழ்ச்சிக்கு இவ்வளவு, ஒத்திகைக்கு இவ்வளவு, பாதி முன்பணம் என்று எழுதிக் கொடுப்பீர்களா? ‘பணம் கேட்டால் கலை கெட்டுப்போகும்’ என்று சொல்கிற தோழர், தன் மாசச் சம்பளத்தை வாங்காமல் இருந்து காட்டட்டும்.

போன வாரம் ஊர்வலத்துக்குக் கூப்பிட இரண்டு பேர் வந்தார்கள். “மைக்செட்டுக்கு எவ்வளவு பேசியிருக்கீங்க?” என்று கேட்டேன். சொன்னார்கள். “ஆளுக்கு ஆயிரம், அய்ந்து பேர்” என்றேன். “நாலு பேர்தானேண்ணே இருக்கீங்க?”

அய்ந்தாவது ஆளைக் கூப்பிட நானேதான் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து வார் இழுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்: “அட்வான்ஸ் வாங்கிட்டியா?”