மலைக்கு ஒரு சைக்கிள், வேலைக்கு ஒரு சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாமுண்டி மலை அடிவாரத்திற்குப் போனால் ஒரு காட்சியைக் காணலாம். தலைக்கவசமும் உடம்பை ஒட்டிய வண்ணச் சட்டையும் அணிந்த ஆண்களும் பெண்களும் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து சைக்கிளில் மலை ஏறுகிறார்கள். அந்தச் சைக்கிள்களில் மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

அதே வேளையில் நஞ்சன்கூடு சாலையில் வேறு சில சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கும். கடகொளா, தாண்டவபுரா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்கள். கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, கேரியரில் கரண்டியும் ரசமட்டமும். இவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் சொன்னவர்களைக் கேலி செய்வது நமது நோக்கமல்ல. உண்மையில் அவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சைக்கிளில் போவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி வெகுகாலமாகிறது. ஓர் இன்கிரிமெண்ட் கிடைத்தவுடன் குமாஸ்தா செய்யும் முதல் காரியம், சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தவணையில் ஸ்கூட்டர் எடுப்பதுதான். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை சைக்கிளில் போனால் காபி கூடக் கிடைக்குமா என்பது சந்தேகமே! இன்று டாக்டர்களும் என்ஜினீயர்களும் வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. அந்த மட்டில் நல்லதுதான்.

மைசூர் சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர் என்று சொன்னால் மிகையாகாது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் ஊர்ப்பக்கத்து வெயில் இங்கே கிடையாது. சாமுண்டி மலை உச்சி 1,000 மீட்டருக்குச் சற்று மேல். 17-ஆம் நூற்றாண்டில் தொட்டதேவராஜ உடையார் காலத்தில் செதுக்கப்பட்ட ஒற்றைக்கல் நந்தியை வழியில் பார்த்துக்கொண்டே ஏறலாம். கியர் வைத்த சைக்கிளில் பின் சக்கரத்துப் பல்சக்கரங்கள் பல இருக்கும். பெரிய பல்சக்கரத்திற்குச் சங்கிலியை மாற்றினால் மிதி இலகுவாகிறது, வேகம் குறைகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். நம் சைக்கிளில் இருப்பது ஒன்றே ஒன்று. அதில் ஏறிவிடுகிற வீரர்களும் உண்டு. ஆனால் இறங்கும்போதுதான் ஆபத்து காத்திருக்கிறது. கம்பி பிரேக்கும் தேய்ந்த ரப்பரும் கொண்ட பழைய சைக்கிளோடு மலைச் சரிவில் இறங்க வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மலை வேண்டாதவர்களுக்குக் காவிரிச் சமவெளி இருக்கிறது. நாகனஹள்ளி ஸ்டேஷனைத் தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிக் கிராமத்துச் சாலைகளில் போனால், வாய்க்கால் கரை ஓரமாக நெல்லும் கரும்பும் இரு பக்கமும் கூடவே வரும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து வரும் வாசனைக்கே சைக்கிளை நிறுத்தத் தோன்றும். லோகபாவனி ஆறு காவிரியில் சேரும் இடத்தருகே கரிகட்டா குன்று. கோயில் வாசலில் நின்று பார்த்தால் பச்சை வயல்களுக்கு நடுவே ஆறு வளைந்து போவது தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வராமல் போகாது, அதே தண்ணீர்தானே! தெற்கே போனால் கபினிக் கரையில் நஞ்சன்கூடு. அங்கே 1735-ல் கட்டப்பட்ட பாலம் ஒன்று இருக்கிறது. ரயிலும் வண்டியும் ஒரே பாலத்தில் போய்வந்த அதிசயத்தை, ரயில்வேயில் வேலை செய்பவன் என்ற முறையில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இன்னும் தூரம் போக விரும்புகிறவர்கள் நீலகிரிக்கே போகிறார்கள். 2008-ல் தொடங்கப்பட்ட ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்னும் சைக்கிள் பயணம் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களையும் தொட்டுச் செல்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். பிரான்ஸ் தேசத்துப் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமும் 1903-ல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளத் தொடங்கியதுதான் என்பது, பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ஒரு சிறிய பெருமை. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 2009 முதல் மூடப்படுவதை மட்டும் மறந்துவிடக் கூடாது. யானைக்கு மணி அடித்தால் வழிவிடாது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

2023 மார்ச் மாதம் பெங்களூர் – மைசூர் அதிவேகச் சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் அதன் பிரதானப் பாதையில் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர் இவற்றோடு சைக்கிளும் தடை செய்யப்பட்டது. கார்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பாதையில் சைக்கிள் போகக்கூடாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அது சைக்கிள்காரனின் உயிருக்கே நல்லது. ஆனால் அவனை ஒதுக்கிவிட்ட சர்வீஸ் சாலை எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? பல இடங்களில் விளக்கு இல்லை. எதிர்த் திசையில் லாரி வரும். பஸ் நிற்பதும் அதில்தான், கல்லும் மண்ணும் கொட்டுவதும் அதில்தான்.

இதை எழுதுபவருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுவது நல்லது. ஒரு நாள் டியூட்டி முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உறவினர் வீட்டு விசேஷத்திற்குச் சைக்கிளில் புறப்பட்டார். நன்றாக இருட்டிவிட்டது. சர்வீஸ் சாலையில் யாரோ கொட்டிப் போட்டிருந்த ஜல்லியில் முன் சக்கரம் ஏறிச் சறுக்கியது. முழங்கால் கிழிந்து மூன்று நாள் லீவு. பின்னால் வந்த லாரி டிரைவர் சமயத்தில் பிரேக் போட்டதால்தான் இந்தத் தலையங்கம் எழுதப்படுகிறது. அவர் நம்ம ஊர்க்காரர். இறங்கி வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “என்னண்ணே, பின்னாடி ஒரு லைட்டு கூட இல்லாம வரலாமா? கறுப்புச் சட்டை வேற!” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஜல்லி கொட்டியவன் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது.

எனவே கேட்க வேண்டியதை இரண்டு பக்கமும் கேட்கிறோம்.

அரசாங்கம் சைக்கிளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2017-ல் இதே மைசூரில் ‘டிரிண் டிரிண்’ என்ற பெயரில் 450 வாடகைச் சைக்கிள்களோடு ஒரு திட்டம் தொடங்கி, நாடே திரும்பிப் பார்த்தது. 2006-07 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுத்ததும் இதே கர்நாடக அரசுதான். ஆனால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அது போவதற்குப் பாதை கொடுக்காமல் இருந்தால் எப்படி? சர்வீஸ் சாலைகளிலும் வெளிவட்டச் சாலையிலும் முதலில் விளக்கு எரியட்டும். ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் ஜல்லியும் லாரியும் நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

சாமுண்டி மலை பற்றியும் ஒரு யோசனை. ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் பக்தர் கூட்டத்தைச் சமாளிக்க, தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்திவிட்டு லலிதமஹால் மைதானத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிச் செல்லும் ஏற்பாடு சமீப ஆண்டுகளில் நடந்துவருகிறது. லட்சக்கணக்கானவர்கள் வரும் நாளில் முடிகிற காரியம், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை முடியாதா? அந்த இரண்டரை மணி நேரம் பஸ்ஸும், நடப்பவர்களும், சைக்கிளும் மட்டும் போகட்டும். 2021 மழையில் நந்திக்குப் போகும் சாலை சரிந்து விழுந்ததை நாம் மறக்கவில்லை. கார்களின் பாரம் சிறிது நேரமாவது குறைவது அந்த மலைக்கும் நல்லது. மாவட்ட நிர்வாகம் ஒரு மாதம் சோதனையாகச் செய்து பார்க்கலாம்.

ரயில்வே நிர்வாகத்திற்கும் ஒரு வேண்டுகோள். சாம்ராஜநகர் பாசஞ்சரில் சைக்கிளை ஏற்ற வேண்டுமானால் இன்று அதை லக்கேஜாக புக் செய்து, லேபிள் கட்டி, பிரேக் வேனில் போட வேண்டும். சிறிய ஸ்டேஷனில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும். இறக்குவதற்குள் சிக்னல் விழுந்துவிடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சைக்கிள்காரன் தன் சைக்கிளோடு அதே பெட்டியில் ஏறுகிறான். காலையும் மாலையும் ஒரு பெட்டியின் ஒரு மூலையை ஒதுக்கினால், நஞ்சன்கூடு போகும் தொழிலாளி நெடுஞ்சாலைக்கே வர வேண்டியதில்லை.

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, மட்கார்டில் ஒரு ஒளிரும் ஒட்டுத்தாள். இரண்டும் சேர்ந்து ஒரு வேளை டிபன் செலவுக்கு மேல் அதிகம் ஆகாது. தொழிற்சங்கத் தலைவர்கள் ஆயுத பூஜை அன்று வாசலில் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, அந்த ஒட்டுத்தாளையும் ஆளுக்கொன்று ஒட்டிவிடலாம். இதை எழுதுபவர் ஏற்கனவே ஒட்டிவிட்டார்.