யந்திரத்தைத் தொடாதீர்கள்!

ஒரே லேத், ஒரே தொழிலாளி, ஒரே இரும்பு. 20 மில்லிமீட்டர் குறுக்களவில் நூறு தண்டுகள் கடைசல் பிடித்தால், நூறும் அச்சாக ஒரே அளவில் இரா. ஒன்று மயிரிழை தடித்திருக்கும், ஒன்று மெலிந்திருக்கும். முறுக்குச் சுடும் பாட்டிக்கும் தெரிந்த விஷயம் இது. சில போர்மன்களுக்குத்தான் தெரிவதில்லை!

ஒரு தண்டு சற்றுப் பருத்து வந்ததும் தொழிலாளி மீது பாய்கிறார்கள். அவரும் பயந்துபோய் டூலைக் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறார். அடுத்தது மெலிந்து விடுகிறது. மறுபடியும் திருகல்! இப்படித் தண்டுக்குத் தண்டு திருகினால் ஏற்றத்தாழ்வு குறையாது, அதிகமாகும். கணக்குப் போட்டே நிரூபித்திருக்கிறார்கள்.

அதற்காகச் சும்மாவே இருந்துவிடலாமா? கூடாது. வெட்ட வெட்ட டூலின் முனை தேயும். முனை தேயத் தேயத் தண்டு பருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அனுமதித்த அளவுக்குள்ளேயே இருக்கும். மாலையில் ஒரு கூடைத் தண்டு கழிவாகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இயல்பான ஆட்டம் எது, கோளாறு எது என்று பிரித்தறிய வழி சொன்னவர் அமெரிக்க நிபுணர் வால்டர் ஷூஹார்ட். டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த அவர், 1924 மே 16ந் தேதி தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். நடுவே சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். இந்த எல்லை வாடிக்கைக்காரர் கேட்ட அளவல்ல. யந்திரம் தன் போக்கில் காட்டிய அளவு. அவ்வப்போது சில தண்டுகளை அளந்து புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் எல்லைக்குள் ஏறி இறங்கினால் யந்திரத்தைத் தொடக்கூடாது. ஒரு புள்ளி எல்லை தாண்டினாலோ, பின்னால் வந்த விதிப்படி எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலோ, வேலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

ஷூஹார்ட் 1947-48ல் இந்தியாவுக்கே வந்தார். ஆனால், 1950ல் டெமிங் சொல்லக் கேட்ட ஜப்பான்தான் இம்முறையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டது. டெமிங் பெயரால் 1951ல் அங்கே ஏற்பட்ட பரிசை ஓர் இந்தியத் தொழிற்சாலை பெற 1998 வரை ஆயிற்று. பெற்றது சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

இன்று கம்ப்யூட்டரே புள்ளி வைத்துவிடுகிறது. அந்தப் படம் மானேஜர் அறையில் தொங்கி என்ன லாபம்? லேத்தருகே, தொழிலாளியின் கண்ணெதிரே இருக்க வேண்டும். நிறுத்தும் உரிமையும் அவருக்கு வேண்டும். எல்லைக்குள் நடக்கும் ஆட்டத்துக்காக அவர் சம்பளத்தில் கைவைப்பது அநியாயம். அந்த ஆட்டம் தேய்ந்த பேரிங்கிலிருந்தும் மட்டமான இரும்பிலிருந்தும் வருகிறது. பேரிங்கை மாற்றுவதும் நல்ல இரும்பு வாங்குவதும் முதலாளியின் பொறுப்பு.