இழுப்பது வேறு, தாங்குவது வேறு

அமெரிக்காவில் பிக்கப் டிரக் விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஓர் எண் பெரிதாக நிற்கும்: இந்த வண்டி இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும். 2021-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150-க்குச் சொன்ன உச்ச அளவு 14,000 பவுண்டு, அதாவது ஆறு டன்னுக்கும் மேல். வாங்குகிறவர் மனதில் தங்குவது அந்த ஒரே எண்தான். பிறகு ஒரு படகோ, விடுமுறைக்கான வீட்டு டிரெய்லரோ வாங்கும்போது அதன் எடை அந்த எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறார். அடங்கினால் கவலை தீர்ந்தது. வழியில் டிரெய்லர் கழன்று எதிர்த்தடத்தில் வரும் காரின்மேல் பாய்ந்தால், வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் உடைந்துவிட்டது, இரும்பு மட்டம் என்கிறார்கள். வண்டியின் பலம்தான் பாதுகாப்பு என்ற இந்த நம்பிக்கை அடியோடு தவறு. விளம்பர எண் வண்டி எவ்வளவு இழுக்கும் என்று சொல்கிறது. டிரெய்லரும் வண்டியும் சேரும் இடம் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு. பல ஹிட்ச் விபத்துகளின் வேர் இந்த இரண்டாவது கணக்கை யாரும் போட்டுப் பார்க்காததில் இருக்கிறது.

அந்த எண்ணே பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வழியில் அளந்து தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டது உண்மை. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் 2008-இல் ஜே2807 என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. முதலில் ஏற்றுக்கொண்ட டொயோட்டா, தன் 2011 டுன்ட்ராவின் எண்ணைக் குறைத்தே அறிவிக்க வேண்டியதாயிற்று. தரம் கடுமையானதுதான். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து மலையேறும் 68-ஆம் எண் மாநிலச் சாலையில், டேவிஸ் அணை ஏற்றம் என்று பெயர் பெற்ற 11.4 மைல் தூரத்தை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுக்கத் திறந்துவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக்காட்ட வேண்டும். பிரேக்கும், திருப்பத்தில் வண்டியின் நடத்தையும், வண்டியோடு வரும் ஹிட்ச்சின் உறுதியும்கூடச் சோதிக்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சோதனை வண்டியில் 150 பவுண்டு கணக்கில் ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் இன்னொருவர், அவ்வளவுதான் ஆட்கள். டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வண்டியின் முதுகில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை; பின்தொட்டியில் ஜெனரேட்டரோ விறகோ ஐஸ் பெட்டியோ இல்லை. கடையில் பத்து டாலரைக் குறைத்து வாங்கிய ஹிட்ச் பந்தும் அங்கே இல்லை. எண் உண்மை, அந்த எண்ணுக்குரிய வண்டி நம் வீட்டு வாசலில் நிற்பது அல்ல.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதே இல்லை. மூட்டை ஏற்றும்போது முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு என்று பார்த்துத்தான் ஏற்றுவார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் தொண்டையை இறுக்கும். டிரெய்லரிலும் அதே கதை. அதன் மூக்கு ஹிட்ச்சின் பந்தின்மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையே முன்பாரம். சாதாரண டிரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பின்னால் ஊசலாடத் தொடங்கும். ஒரு வேகத்தைத் தாண்டியபின் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, வண்டியையே இழுத்துப் புரட்டும். கூடினால் வண்டியின் பின்பகுதி அமுங்கி முன்சக்கரம் இலேசாகும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. இதில் எந்த இடத்திலும் எஞ்சினின் குதிரைத்திறன் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் வராத எண் இது. தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை என்று வசதி கூடக் கூட இந்த எண் குறையும். உதாரணத்துக்கு 1,450 பவுண்டு என்று கொள்வோம். டிரெய்லர் சாமான்களோடு 9,000 பவுண்டு. முன்பாரம் 13 சதவீதம் என்றால் 1,170. ஹிட்ச்சின் சொந்த எடை ஒரு 90. மிச்சம் 190 பவுண்டுதான். கணவர் 180, மனைவி 140, இரண்டு பிள்ளைகள் 150 என்றால் 470 ஆகிவிடுகிறது. விளம்பரம் 11,000 இழுக்கும் என்றது. குடும்பம் அதைவிட 2,000 குறைவாகத்தான் மாட்டியிருக்கிறது. அப்படியும் வண்டி 280 பவுண்டு அதிகச் சுமையில் நிற்கிறது, பின்தொட்டியில் ஒரு பெட்டிகூட வைப்பதற்கு முன்பே. எடையைப் பகிரும் ஹிட்ச் இருந்தால் முன்பாரத்தில் சிறு பங்கு டிரெய்லரின் அச்சுக்கே திரும்பிப் போகும். ஆனால் பின்தொட்டியில் ஏறும் சாமான் அதை விழுங்கிவிடும். இந்த நிலையில் ஆட்கள் செய்வதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. பின்பகுதி அமுங்குகிறதே என்று டிரெய்லருக்குள் இருக்கும் சாமான்களைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். வண்டி நிமிர்ந்து அழகாக நிற்கிறது. முன்பாரமும் குறைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி முந்திச் செல்லும் காற்றடியில் ஊசல் தொடங்குகிறது.

வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால் இன்னொரு சீட்டு இருக்கும், ரிசீவர் என்ற சதுரக் குழாயின்மேல். ‘அரை டன்’ என்று வகைப்படுத்தப்படும் பல பிக்கப்புகளில் அதில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. வெறும் பந்தில் மாட்டினால் டிரெய்லர் 5,000 பவுண்டு, முன்பாரம் 500. எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால்தான் அதற்கு மேலான பெரிய எண்கள். அதாவது விளம்பரத்தில் கண்ட எண், வில்போன்ற கம்பிகளால் பாரத்தை முன்னச்சுக்குத் தள்ளும் ஒரு தனிச் சாதனத்தை வாங்கிச் சரியாகப் பொருத்தினால் மட்டுமே செல்லும். அந்தச் சாதனமில்லாமல் 8,000 பவுண்டு டிரெய்லரை வெறும் பந்தில் மாட்டிப் போகிறவர், தன் வண்டியால் முடியும் என்று நம்பியே போகிறார். ரிசீவருக்கு ஓர் எண், அதில் செருகும் தண்டுக்கு ஓர் எண், பந்துக்கு ஓர் எண், டிரெய்லர் மூக்கில் உள்ள கப்ளருக்கு ஓர் எண், சங்கிலிக்கு ஓர் எண். இவற்றில் எது மிகச் சிறியதோ அதுதான் மொத்த இணைப்பின் எண். 3,500 பவுண்டு என்று உச்சியில் பொறித்த பந்தை மாட்டிய எந்த வண்டியும், எஞ்சின் எத்தனை பெரிதானாலும், 3,500 பவுண்டு வண்டிதான்.

பந்தைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான அளவுகள் மூன்று: ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், இரண்டு அங்குலம், இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான மூன்றாவது. முதலுக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 8 மில்லிமீட்டர். பெரிய கப்ளரைச் சிறிய பந்தின்மேல் இறக்கினால் நன்றாக உட்கார்ந்துவிடும். பூட்டும் மூடிக்கொள்ளும். டிரெய்லரின் எடையே அதை அழுத்தி வைத்திருப்பதால் ஊருக்குள் எத்தனை தூரம் போனாலும் எதுவும் தெரியாது. வேகத்தில் ஒரு மேடு வந்து மூக்கு ஒரு கணம் எழும்பும்போதுதான் கழலும். அங்கே எந்த இரும்பும் முறிவதில்லை. ஐரோப்பாவில் கார்களுக்கு 50 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவுதான். இந்தப் பிழையை அங்கே செய்யவே முடியாது. அடுத்தது பந்தின் அடியில் இருக்கும் நட்டு. ஓர் அங்குலத் தண்டுள்ள பந்தின் நட்டை 250 அடி-பவுண்டு முறுக்க வேண்டும். ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் 113 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம் அது. வீட்டு முற்றத்தில் கையால் இறுக்கிவிட்டு அசையவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. அதிர்வில் நட்டு இளகும், இளகிய பந்து ஆடும், ஆடும் தண்டில் வெடிப்பு விழும்.

இத்தனை வருஷமாக இப்படித்தான் இழுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். எதிர்வாதங்களில் மக்களை அதிகம் கட்டிப்போடுவது இதுதான், அனுபவத்தின் பெயரால் பேசுவதால். உலோகச் சோர்வைப் பற்றி அறிந்தவர்கள் இதைக் கேட்டு நிம்மதியடைய மாட்டார்கள். அளவுக்கு மீறிய சுமை பெரும்பாலும் முதல் நாளே இரும்பை முறிப்பதில்லை. ஒவ்வொரு பள்ளமும் வெல்டு ஓரத்திலோ மரையின் அடியிலோ கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை இம்மியளவு நீட்டுகிறது. வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு ரிசீவருக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். ஆகவே பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு, பத்து வருஷச் சேதம் சேர்ந்திருக்கிறது என்றும் பொருளுண்டு. எஞ்சினியர்கள் தாராளமாக விட்டுவைத்திருப்பார்கள், கொஞ்சம் கூடினால் என்ன என்ற இன்னொரு வாதமும் உண்டு. விட்டுவைத்திருக்கிறார்கள்தான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பந்தின்மேல் நொடிப்பொழுதில் பல மடங்காகும் விசைக்காக விட்ட இடம் அது. சாமான் ஏற்றி அதை நிரப்பிவிட்டால் பள்ளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

புதிய வண்டிகளில் ஊசலை அடக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறதே, டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதே, சங்கிலி இருக்கிறதே என்று கேட்கலாம். மூன்றும் உயிர்காக்கும் சாதனங்கள்; அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மின்னணு ஏற்பாடு ஊசல் தொடங்கிய பிறகு சக்கரங்களைப் பிடித்து அடக்கப் பார்க்கும். தவறான முன்பாரத்தை அதனால் திருத்த முடியாது. டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே போடும் ஏற்பாட்டுக்கு ஒரு சிறு பேட்டரி உயிரோடிருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் கொல்லையில் நின்ற டிரெய்லரின் பேட்டரியை எத்தனை பேர் சோதிக்கிறார்கள்? சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்டால், கழன்ற மூக்கு தரையில் குத்தாமல் அவற்றின்மேல் விழும். நேராகப் போட்டால் அவற்றின்மேல் விழாது. அவற்றை ரிசீவரில் மாட்டாமல் செருகு தண்டில் மாட்டினால், தண்டைப் பிடித்திருக்கும் ஊசி நழுவும் நாளில் சங்கிலியும் கூடவே போய்விடும். முதல் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டு இந்தக் கடைசித் தடுப்புகளை நம்புவது நியாயமல்ல. அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் எதிரே வருகிற, ஹிட்ச் என்ற சொல்லையே கேட்டிராத யாரோ ஒருவர்.

இந்த நம்பிக்கை வளர விற்பனையும் சட்டமும் சேர்ந்தே இடம் கொடுத்திருக்கின்றன. ஜெர்மனியில் சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லரை மாட்டினால், காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மீறினால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ தேவை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண உரிமத்தோடு நான்கு டன் டிரெய்லரை அன்றைக்கே மாட்டிக்கொண்டு கிளம்பலாம். கலிபோர்னியா டிரெய்லர் இழுப்பவர்களுக்கு 55 மைல் வேக வரம்பு வைத்திருப்பதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். ஊசலின் இயல்பு தெரிந்தவர்களுக்கு அது தொல்லையாகத் தோன்றாது. இழுதிறனைக் கொட்டை எழுத்தில் போடும் நிறுவனம், அதே அளவு எழுத்தில் கதவுத்தூண் எண்ணையும் போட வேண்டும் என்று சட்டம் கேட்டால் என்ன கெட்டுவிடும்? அப்படிப் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இழுதிறன் எண்ணை எல்லோரும் படிக்கத்தானே செய்கிறார்கள்?

இவ்வளவு கணக்கும் போட்டால் விடுமுறைக்கே போக முடியாது என்பது கடைசியாகச் சொல்லப்படும் குறை. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் இருக்கின்றன. சிறு கட்டணம் கொடுத்தால் யாரும் நிறுத்திக்கொள்ளலாம். டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. பகிர்வுக் கம்பிகளை மாட்டாமல் நிறுத்தினால், வண்டியின் இரண்டு அச்சுகளிலும் கூடியிருக்கும் எடைதான் முன்பாரம். அரை மணி நேர வேலை, சாமான் பெரிதாக மாறாதவரை ஒருமுறை செய்தால் போதும். மற்றது ஒவ்வொரு பயணத்துக்கும் உரியது, அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது: கப்ளரைப் பூட்டியபின் டிரெய்லரின் சொந்த ஜாக்கியை நாலைந்து சுற்று சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்பகுதியும் கூடவே எழுந்தால் கப்ளர் பந்தைப் பற்றியிருக்கிறது. மூக்கு மட்டும் எழுந்து வந்தால், பந்து அளவு மாறியிருக்கிறது அல்லது பூட்டு பிடிக்கவில்லை. அது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது.