புள்ளி ராஜாவின் மறுபக்கம்

பரத்தை என்ற சொல்லுக்கு ஆண்பாலாகப் பரத்தன் என்றொரு சொல் தமிழில் உண்டு. ஆனால் அது உடலை விற்பவனைக் குறிப்பதில்லை. பரத்தையரிடம் செல்பவனையே குறிக்கிறது. வள்ளுவரின் தலைவி ஊடலில் தன் கணவனை அப்படித்தான் அழைக்கிறாள். விற்பவள் பெண், வாங்குபவன் ஆண் என்ற ஏற்பாடு நம் மொழிக்குள்ளேயே அமைந்துவிட்டது. ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’ம் அந்த ஏற்பாட்டுக்குள் நின்றே பேசுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தது, பெண் பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தில். நம் விழிப்புணர்வின் கற்பனை வெகுகாலம் அங்கேயே நின்றது. 2000களின் தொடக்கத்தில் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விளம்பரங்கள் கேட்டன. ராஜா வாடிக்கையாளன். ராஜாவே விலைபோகிறவனாக இருந்தால் என்ன செய்வது என்று எந்த விளம்பரமும் கேட்கவில்லை.

கணக்கேடுகளிலும் அவனுக்குத் தனி இடமில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கெடுப்பில் ‘பெண் பாலியல் தொழிலாளர்’ தனிப்பிரிவு. ஆண் பாலியல் தொழிலாளி ‘ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்ற பெரும்பிரிவில் கரைந்துபோகிறான். 2017ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் முன்னவரிடையே தொற்று 1.56 விழுக்காடு, பின்னவரிடையே 2.69. விருப்பத்தால் சேர்பவனும் கூலிக்காகச் சேர்பவனும் ஒரே ஆபத்தில் இல்லை. பணம் கொடுப்பவன் உறை வேண்டாமென்றால் பின்னவனால் மறுப்பது கடினம். குதவழி உறவில் ஏற்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு, யோனிவழி உறவைவிடப் பத்து மடங்குக்கும் மேல். கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் ரப்பர் உறையை நைந்துபோகச் செய்யும். நீரில் கரையும் வழுவழுப்புப் பசையே பாதுகாப்பு. உட்புறத்தில் வரும் வெட்டைநோய் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. ‘மனைவியைத் தவிர வேறு பெண்ணிடம் போனாயா?’ என்று மட்டும் கேட்கும் மருத்துவரிடம் அவன் ‘இல்லை’ என்று உண்மையையே சொல்லிவிட்டு வருவான்.

சென்னையில் முகமற்றிருக்கும் வசதியாவது உண்டு. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நூற்பாலை ஷிப்டுகளும் தென்காசிச் சாலைப் பேருந்துகளும் பிணைத்திருக்கும் இவ்வூர்களில் ஒருவன் முதலில் இன்னார் மகன், இன்னார் பேரன். அரசின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம், முடிவு இரகசியம். ஆனால் அக்கதவுக்கு வெளியேயுள்ள பெஞ்சு இரகசியமன்று. உடலின் வேட்கையை ஒளிக்காமல் பாடிய ஆண்டாளின் ஊரில் ஓர் இளைஞன் தன் உடலின் நோயைச் சொல்ல அஞ்சுகிறானென்றால், அந்த அச்சம் நாம் ஊட்டியது.

அதன் விலையை இம்மாவட்டம் அறியும். 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்தது. தமக்குத் தொற்றிருப்பதை அறிந்ததும் தாமே முன்வந்து சொன்னவர் இரத்தம் கொடுத்த இளைஞர். சில நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பாலியல் தொழிலைப் பற்றிய நிகழ்வன்று அது. எனினும், கிருமி கொல்வதற்கு வெகுமுன்பே பழி கொன்றுவிடும் என்பதை அதைவிட எது சொல்லும்? 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதை விடாமல் உண்பவர் நெடுநாள் வாழலாம். கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவால் பிறருக்குத் தொற்றவும் செய்யாது.

சட்டத்தின் தடையும் 2018 செப்டம்பர் 6 அன்று, 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்போடு விலகியது. எஞ்சியிருப்பது நம் மௌனம். ஆண் பாலியல் தொழிலாளி என்றொருவன் நம் ஊரிலும் இருக்கிறான் என்பதை அருவருப்பின்றி, கேலியின்றி எழுதுவதும் பேசுவதும் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இயலாததா? மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்கவேண்டுமென்றால், முதலில் அதைக் கேட்பதற்கான சொல் மொழியில் புழங்கவேண்டும்.