ஊசிக் காது வாசல் அல்ல

‘செல்வர் கடவுளின் ஆட்சிக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது எளிது’ என்றார் இயேசு. இதற்குச் சிலர் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எருசலேம் மதிலில் ‘ஊசிக் காது’ என்றொரு குறுகிய வாசல் இருந்ததாம். சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடுமாம். ஆகவே செல்வர் சற்றுப் பணிந்தாலே போதும் என்கிறார்கள். இந்த வாதம் தவறு.

இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. இது இடைக்காலத்தில் பரவிய விளக்கம். மாற்கு 10:25, மத்தேயு 19:24, லூக்கா 18:25 மூன்றிலும் உள்ள கிரேக்கச் சொற்கள் ஊசியையே குறிக்கின்றன. ‘கமேலோஸ்’ (ஒட்டகம்) அல்ல, ‘கமிலோஸ்’ (வடக்கயிறு) என்பாரும் உண்டு. அந்தப் பாடம் பிற்காலப் படிகள் சிலவற்றில்தான் இருக்கிறது. வடம் மட்டும் ஊசியில் நுழையுமா?

பாபிலோனியத் தல்மூது என்ற யூத நூலும் நடக்கவே முடியாததைச் சொல்ல, யானை ஊசிக் காதில் நுழைவதைக் காட்டுகிறது. மிகைதான் இந்த உவமையின் உயிர்.

வாசல் இருந்திருந்தால் சீடர்கள் ஏன் திகைத்தார்கள்? அப்படியானால் யார்தான் மீட்படைய முடியும் என்று ஏன் கேட்டார்கள்? மனிதரால் முடியாது, கடவுளால் முடியும் என்பதே இயேசு சொன்ன பதில். ஒட்டகத்துக்கு வாசல் கட்டிக்கொடுத்தால் அந்தப் பதிலுக்கே இடமில்லை. செல்வரின் மனச்சாட்சியை உறுத்த வந்த சொல்லை அவர்களுக்குத் தலையணையாக்காதீர்கள்.